மேசை வந்த வரலாறு



உங்கள் வீட்டுக்குள் ஒரு முறை சுற்றிவந்து, அங்குள்ள மரச்சாமான்களின் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மேசை என்பது போர்த்துக்கேயர் தந்த சொல். கதிரையும் அலுமாரியும் வாங்கும் அவர்களிடமிருந்து வந்தவையே. மேசையிலே இழுத்துத் திறக்கும் லாச்சி ஒல்லாந்தர் தந்தது. அம்மேசையைப் போட்டு வைத்திருக்கும் கந்தோரும் ஒல்லாந்தச் சொல்தான். ஆனால் கட்டில் தமிழ்ச் சொல். பெட்டியும் பலகையும் நமக்குப் பழையவை. படுப்பதற்கும் பொருளைப் பூட்டி வைப்பதற்கும் நம் முன்னோர் மரத்தை நாடினார்கள்; எழுதுவதற்கு நாடவில்லை என்று இச்சொற்களே சாட்சி கூறுகின்றன.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் எழுதுமேசை. அது மலைநாட்டின் தலைநகராகிய கண்டிக்கு எவ்வாறு வந்தது? அதைச் செய்த தச்சனுக்கு என்ன நேர்ந்தது? இவ்விரு கேள்விகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. என் வீட்டில் இப்போது கிடக்கும் பலாமர மேசையொன்று இக்கேள்விகளை எனக்குள் எழுப்பியது. அதன் கதையைப் பின்னர்ச் சொல்கிறேன்.

பழைய கண்டி இராச்சியத்தில் எழுத்தறிந்தோர் இல்லாமலில்லை. ஆனால் அவர்கள் எழுதியது ஏட்டிலே. தாளிப்பனையின் ஓலையைப் பதப்படுத்தி, நறுக்கி, இடது கையில் ஏந்திக்கொள்வார்கள். வலது கையில் எழுத்தாணி. இடது கைப் பெருவிரல் எழுத்தாணியின் நுனியைத் தாங்கி நிற்கும். ஒரு வரி ஓடி முடியும் வரை கையே பலகை, மடியே மேசை. எழுதி முடிந்தபின் எண்ணெயும் கரியும் பூசித் துடைத்தால் கீறிய எழுத்துகள் கறுத்துத் தோன்றும். யாழ்ப்பாணத்துப் பனையோலைக்கும் இதுவே முறை. சம்மணமிட்டிருந்து எழுதிய புலவனுக்கு மேசை எதற்கு?

மேசை இல்லாமைக்குத் தச்சர் இல்லாமை காரணமன்று. பேராதனைக்கு அப்பால் உடுநுவரைப் பகுதியிலுள்ள எம்பக்கே தேவாலயத்தைக் கண்டவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். கம்பளையைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில், 14ஆம் நூற்றாண்டில், கதிர்காமக் கடவுளுக்காக எழுந்த கோயில் அது. நாம் முருகன் என வணங்கும் தெய்வமே அங்கும் உறைகிறது. அதன் மேள மண்டபத்து மரத்தூண்களில் கழுத்தோடு கழுத்துப் பின்னிய அன்னங்கள் உண்டு; இருதலைப் பறவை உண்டு; மற்போர் செய்வோரும், ஆடும் மகளிரும், குழந்தைக்குப் பாலூட்டும் தாயும் உண்டு. ஒரு தூணின் சிற்பத்தைப் போல் மற்றொன்றைச் செய்யக்கூடாதென்று அக்கலைஞர் உறுதிபூண்டிருந்தார்களோ என நினைக்கத் தோன்றும்.

இச்சிற்பங்களைப் பார்த்துவிட்டுப் பலர் திரும்பிவிடுகிறார்கள். தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்ப்பவர் சிலரே. அங்கே கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்கள் நாலாபக்கமிருந்தும் வந்து ஓரிடத்தில் கூடுகின்றன. அத்தனையையும் ஒருங்கே பிடித்து நிறுத்துவது ஒரே ஒரு பெரிய மரமுளை. 'மடொல் குருபாவ' என்று சிங்களத்தில் அதற்குப் பெயர். மரத்தின் இயல்பை அறிந்து, ஒன்றின் பாரத்தை மற்றொன்றின்மேல் சாய்த்து, யாவும் ஒன்றையொன்று தாங்குமாறு செய்த அறிவு அது. தூணிலே அன்னத்தைச் செதுக்கியது கையின் திறமை என்றால், கூரையை இணைத்தது கணக்கின் திறமை.

எம்பக்கேக்கு அண்மையில் இன்னும் இரண்டு கோயில்கள் உள்ளன. கடலாதெனிய விகாரையும் லங்காதிலக விகாரையும் 1344ஆம் ஆண்டளவில் எழுந்தவை. கடலாதெனியவைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேசுவராசாரி என்னும் தென்னிந்தியர். லங்காதிலகத்துப் பாறையிலே சிங்களத்திலும் தமிழிலும் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. கலைஞரின் கைக்கு அந்நாளில் மொழி வேலியாக நிற்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அத்தகைய கலைஞருக்குச் சமுதாயம் கொடுத்த இடம் எது? 1660ஆம் ஆண்டில் சிறைப்பட்டு, 1679இல் தப்பிச் செல்லும் வரை கண்டி நாட்டில் வாழ்ந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1681இல் ஒரு நூல் வெளியிட்டார். பொற்கொல்லர், கருமார், தச்சர், ஓவியர் ஆகிய நால்வரும் ஒரே படியினர் என்றும், முக்காலியில் அமரும் உரிமை அவர்களுக்கு உண்டு, அவர்களுக்குக் கீழ்ப்பட்டோருக்கு இல்லை என்றும் அவர் குறித்துள்ளார். நேயர்களே, இதிலே இரண்டு உண்மைகள் உள்ளன. தச்சனுக்கு ஒரு மதிப்பு இருந்தது என்பது ஒன்று. இருக்கை என்பது உடலின் வசதிக்காக அன்று, பிறப்பின் படியைக் காட்டுவதற்காகவே இருந்தது என்பது மற்றொன்று. முக்காலியைச் செய்யும் கையும் அதில் அமரும் உரிமையும் ஒரே மனிதனிடம் இருந்தன. ஆனால் அதே முக்காலியில் அமரக்கூடாத மக்களும் அருகிலே நின்றார்கள். பழமையைப் போற்றும்போது இந்த இரண்டாவது உண்மையை மறந்துவிடலாகாது.

கரையோரத்தில் நிலைமை வேறு. 1658 முதல் 1796 வரை கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கடதாசியால் ஆண்டவர்கள். காணிகளையும் குடிகளையும் தோம்புகளில் எழுதினார்கள். எழுதிய கடதாசிகளைக் கறையானும் மழையும் தின்னாமல் காக்க லாச்சிகளும் பெட்டகங்களும் தேவைப்பட்டன. வடக்கிலும் கிழக்கிலும் வளரும் முதிரையும், வன்மையான கருங்காலியும் அவர்களுடைய மேசைகளாயின. கொழும்புப் புறக்கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் கால அரும்பொருளகத்தில் அக்காலத்துச் சாமான்களை நேயர்கள் காணலாம். வடிவம் ஐரோப்பாவினுடையது, மரமும் கையும் இந்நாட்டினுடையவை.

அந்நாகரிகத்தின் ஒரு பொருள் கண்டி மலையிலும் ஏறியது. 1693ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனுக்கு ஒரு சிங்காசனத்தைப் பரிசளித்தனர். மரத்தாற் செய்து பொற்றகடு போர்த்தது அது. பின்வந்த மன்னர்கள் அதிலேயே வீற்றிருந்தார்கள். 1815இல் இராச்சியம் வீழ்ந்தபோது ஆங்கிலேயர் அதைக் கொண்டுசென்றனர். 1934இல் திருப்பித் தந்தனர். கண்டிக்கு இவ்வாறு கதிரை முந்தி வந்தது. மேசை பிந்தியே வந்தது. ஆள்வோனுக்கு இருக்கை போதும். அலுவலனுக்கே மேசை வேண்டும்.

இராசாதிராசசிங்கன் 1783ஆம் ஆண்டில் தொடங்கிய மகுல் மடுவ என்னும் அரச சபாமண்டபம் தலதா மாளிகையின் அருகே இன்றும் நிற்கிறது. செதுக்கிய மரத்தூண்கள் வரிசை வரிசையாக நிற்கும் அம்மண்டபத்திலேதான் 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. அத்தூண்களுக்கிடையே ஒரு கடதாசி விரிந்தபோது, ஏட்டின் காலம் முடிந்து மேசையின் காலம் தொடங்கியது எனலாம்.

கச்சேரி வந்தது, நீதிமன்றம் வந்தது, கோப்பித் தோட்டம் வந்தது. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. அதே ஆண்டில் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலையைப் பயிரிட்டார். தோட்டந்தோறும் பேர் பதியும் கணக்கப்பிள்ளைக்கு ஒரு மேசை வந்தது. மேசைகள் பெருகிய அக்காலத்திலேயே தச்சனின் வாழ்வு ஏன் சுருங்கியது?

காரணம் நிலத்தில் இருக்கிறது. மன்னர் காலத்தில் தச்சன் கூலிக்கு வேலை செய்தவனல்லன். அவனுக்கு ஒரு பங்கு வயல் உண்டு. அவ்வயலுக்கு ஈடாக அரண்மனைக்கும் கோயிலுக்கும் ஆண்டில் இத்தனை நாள் என்று பணி செய்தான். இராசகாரியம் எனப்பட்ட அம்முறை 1832இல் ஒழிக்கப்பட்டது. 1870ஆம் ஆண்டுச் சட்டம் கோயிற் காணிகளுக்குரிய சேவையைப் பணமாகச் செலுத்தவும் வழி செய்தது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நன்மையே; அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அதனோடு, அவசரமின்றி வேலை செய்யும் உரிமையும் தச்சனின் கையை விட்டுப் போயிற்று. வயல் சோறு போட்டபோது ஒரு தூணுக்கு ஒரு மாதம் செலவிட முடிந்தது. கூலி சோறு போடத் தொடங்கியபின், ஒரு நாளில் எத்தனை கால் சீவினாய் என்பதே கேள்வியாயிற்று.

இம்மாற்றத்தைக் கண்ணாற் கண்டு வருந்தியவர் ஒரு தமிழர் மகன். சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வராகிய கலாநிதி ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராயிருந்தார். கல்லைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களுக்குச் சென்றவர், கலைஞரைக் கண்டார். அவர்களுடைய கருவிகளையும், தொழில் மரபையும், காணிமுறையையும் குறித்து வைத்தார். 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பொருள்படும் அவரது ஆங்கில நூல் 1908இல் நிறைவெய்தியது. கைத்தொழிலின் பெருமை பேசும் நூல் இயந்திரத்தில் அச்சாகலாகாது என்று கருதினார் போலும்! வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே, இங்கிலாந்தில் தமது இல்லத்தில், 15 மாதங்கள் செலவிட்டு 425 படிகளை அச்சிடுவித்தார். கலை அழிந்தது கையின் திறமை குன்றியதாலன்று, அதை ஆதரிக்கும் சமுதாயம் மாறியதாலேயே என்பது அவர் கண்ட முடிவு.

இனி, என் மேசையின் கதைக்கு வருகிறேன்.

நான் தோட்டத்திலே பிறந்தவன். என் முதல் மேசை ஒரு தேயிலைப் பெட்டி. லயத்து வாசலில் அதைக் கவிழ்த்து வைத்து, "எழுது" என்றார் என் தந்தையார். அவருக்குக் கையெழுத்திடத் தெரியாது, பெருவிரல் பதிப்பார். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின்னர், எம்மவர் எத்தனையோ ஆண்டுகள் கடதாசிகளைக் கையிலேந்தி எத்தனையோ மேசைகளின் முன்னே நின்றார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கு வாழ்வு உண்டு, இந்தப் பக்கம் நிற்பவனுக்கு இல்லை என்பதே என் தந்தையார் கற்ற பாடம். "அந்தப் பக்கம் போய் உட்காருடா தம்பி" என்பார். போய் உட்கார்ந்தேன். ஆசிரியனானேன்; அதிபருமானேன்.

ஓய்வு பெறும் நாள் நெருங்குகையில், எனக்கென ஒரு நல்ல மேசை செய்விக்க விரும்பினேன். கடையில் வாங்கிய மரத்தூள் பலகை மேசை இரண்டு மழைக்காலத்தில் ஓரம் ஊதி உதிர்ந்திருந்தது. எம்பக்கேப் பக்கத்துக் கிராமமொன்றில் முதிய தச்சர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுச் சென்றேன். எத்தனை அடி நீளம் என்று அவர் கேட்கவில்லை. "மஹத்தயா, கொஞ்சம் உட்கார்ந்து எழுதுங்கள்" என்றார். எழுதினேன். ஒரு குச்சியை எடுத்து நிலத்திலிருந்து என் முழங்கை வரை அளந்து அடையாளமிட்டார். நான் வலது பக்கம் சாய்ந்து எழுதுவதையும், தாள்களை இடது புறம் தள்ளுவதையும் கவனித்தார். "லாச்சி வலது பக்கம். விளக்கு இடது பக்கம். மேற்பலகை இடது புறம் அரை அடி கூட" என்று தாமே முடிவு செய்தார். முப்பது ஆண்டு எழுதிய நான் எப்படி எழுதுகிறேன் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

மரம் பலா. அறுத்த பலகைகளை நிழலில் அடுக்கி, இடையிடையே குச்சி வைத்துக் காற்றோட்டம் விட்டு மூன்று ஆண்டுகளாகக் காயவைத்திருந்தார். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டாவது காயவேண்டும் என்பது அவர் கணக்கு. சீவுளி ஓடியபோது பலகை மஞ்சளாயிருந்தது. "இப்போது இப்படித்தான் இருக்கும். உங்கள் பேரப்பிள்ளை எழுதும்போது தேன் நிறம் வந்திருக்கும்" என்றார்.

காலின் தலையில் துளையிட்டு, சட்டத்தின் நுனியை நாக்குப்போல் செதுக்கி, அத்துளையில் இறுகச் செலுத்தினார். நாக்கின் கனம் மரத்தின் கனத்தில் மூன்றிலொன்று. மிகுந்தால் கால் பிளக்கும், குறைந்தால் நாக்கு முறியும். குறுக்கே ஒரு மரமுளை. லாச்சியின் மூலைகளைப் புறாவின் வால் போல விரித்து வெட்டிக் கோத்தார். நூறு முறை இழுத்தாலும் முகப்பு கழன்று வராது. மேற்பலகையைச் சட்டத்தோடு ஆணியடித்து இறுக்கவில்லை. "மரம் நெடுக்கில் அசையாது, குறுக்கில் மூச்சு விடும். மழைக்குப் பருக்கும், வெயிலுக்குச் சுருங்கும். கட்டிப்போட்டால் வெடித்துவிடும்" என்று கூறி, அசைய இடம்விட்டுப் பிடிக்கும் சிறு மரக்கொக்கிகளால் இணைத்தார்.

வேலை முடிந்தது என்று எண்ணி நான் வண்டி கொண்டு சென்றபோது அவர் தரவில்லை. அது பங்குனி மாதம். "ஐப்பசி மழை வந்து போகட்டும். வெயிலில் அளந்த லாச்சி மழையில் திறவாது" என்றார். எனக்குச் சினம் வந்தது. ஏழு மாதம் காத்திருந்தேன். மழையில் இறுகிய ஒரு லாச்சியை எடுத்து, இரண்டே முறை சீவுளி ஓட்டி, விரலால் தள்ளினார். ஓசையின்றி உள்ளே போயிற்று. எம்பக்கேக் கூரையைத் தாங்கும் அறிவு இதுவே என்று அப்போது உணர்ந்தேன்.

"இத்தொழிலை யாருக்குக் கற்பித்தீர்கள்?" என்று கேட்டேன். மகன் கொழும்பிலே ஒரு கந்தோரில் இருக்கிறான் என்றார். "மேசை வேலை" என்று பெருமையோடுதான் சொன்னார். சொல்லிவிட்டு உளியைத் துடைக்கத் தொடங்கினார். என் தந்தையாரும் அவரும் ஒரே பாடத்தையே கற்றிருந்தார்கள்.

அன்றிரவு எனக்கு ஒரு மாணவன் நினைவுக்கு வந்தான். பல ஆண்டுகளுக்கு முன், நான் கற்பித்த வகுப்பொன்றிலே கவராயத்தின் முனையால் தன் மேசையில் ஒரு பறவையைச் செதுக்கினான். அரசாங்கப் பொருளைப் பழுதாக்கினான் என்று அவனைத் தண்டித்தேன். "படிக்காவிட்டால் உளிதான் பிடிக்கவேண்டும்" என்றும் வகுப்பின் முன்னே சொன்னேன். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே அவன் பாடசாலையை விட்டு நின்றுவிட்டான். மேசையைப் பழுதாக்கியது தவறே. ஆனால் அந்தப் பறவையின் கழுத்து நன்றாக வளைந்திருந்தது. அதை நான் அன்றே கண்டேன். கண்டும் ஒரு சொல் சொல்லவில்லை.

இக்குறை என் ஒருவனுடையதன்று. 1930களில் கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸ என்னும் ஊரில் ஒரு கிராமியக் கல்வித் திட்டம் தொடங்கியது. கிராமத்தின் தொழிலையும் வாழ்வையும் பாடத்தோடு இணைப்பது அதன் நோக்கம். 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தமும் தொழில்சார்ந்த பாடங்களைப் பாடசாலைக்குள் கொண்டுவந்தது. இரண்டும் நிலைக்கவில்லை. பெற்றோரைக் குறைகூற முடியுமா? கந்தோர் மேசையே ஏழைக்கு ஏணி என்றிருந்த நாட்டில், தம் பிள்ளைக்கு மட்டும் உளியைக் கொடுத்தால் அது வஞ்சகம் என்றுதான் எண்ணுவார்கள். உளியையும் எழுதுகோலையும் ஒரே பிள்ளையின் இரு கைகளிலும் கொடுக்கத் துணியாததே நம் குறை.

முடிவாக ஒரு சொல்லைப் பற்றிக் கூற விரும்புகிறேன். தச்சரை இந்நாட்டில் சிங்களவரும் தமிழரும் 'பாஸ்' என்று அழைக்கிறோம். இதுவும் ஒல்லாந்தச் சொல். தொழிலிற் கைதேர்ந்த தலைவன் என்பது பொருள். அதே சொல் ஒல்லாந்தரோடு அமெரிக்காவுக்கும் சென்றது. அங்கே ஆங்கிலத்தில் 'பொஸ்' ஆகி, இன்று உலகமெங்கும் மேசைக்குப் பின்னால் அமர்ந்து கட்டளையிடுபவனைக் குறிக்கிறது. இலங்கையிலோ, அச்சொல் மேசையைச் செய்கிறவரிடமே தங்கிவிட்டது. சொல்லிலே நாம் கொடுத்த மதிப்பை வாழ்விலும் கொடுத்தோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்.

இவ்வுரையை நான் அந்தப் பலாமர மேசையில் இருந்துதான் எழுதினேன். மாணவர் சிலரை அடுத்த மாதம் அம்முதியவரின் பட்டறைக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்திருக்கிறேன். ஒவ்வொருவரும் ஒரு துளையும் அதற்கிசைந்த ஒரு நாக்கும் செதுக்கவேண்டும் என்பது பாஸின் நிபந்தனை. நானும் செதுக்கவேண்டுமாம்.